பெயர் சொல்லும் சுவர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருமுறை, புதுச்சேரி கடற்கரையோரம் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகையில், அந்தக் காலத்து ஊர்ப் பெண்களைப் பற்றி ஒளிக்காட்சி போட்டிருந்தோம். இருட்டறைச் சுவர்களில் புரொஜெக்டர் வழியே அவர்கள் ஆளுயரத்துக்குத் தெரிவார்கள். முன்னால் போய் நின்றால், படத்தில் இருப்பவள் தன் பெயரைச் சொல்வாள். கடைசியில் நின்ற மீன்காரப் பெண்ணின் பெயர் மட்டும் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

ஒருநாள் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அந்தக் கடைசிப் படத்தின் முன் நின்றாள். படத்திலிருந்து சத்தமே இல்லை. மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கூச்சத்தோடு சொன்னாள்: "அஞ்சலை."

"யாருடி அஞ்சலை?" என்றாள் கூட வந்தவள்.

"நான்தான். எல்லாரும் பேரு சொன்னாங்க, இவ மட்டும் சும்மா பாத்துக்கினு நிக்கிறா. எம் பேரக் கேக்குறான்னு நெனச்சேன்."

"அடிப்பாவி! இத்தினி வருசமா செல்வம் அம்மான்னே கூப்ட்டுட்டேனே!"

அவர்கள் போன பிறகு நானும் அங்கே போய் நின்றேன். ஆபீஸில் நான் மேடம், தெருவில் பிரியா அம்மா. என் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். யாரோ தெரியாதவளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அதனால் இன்னொரு முறை சொன்னேன்.