மடிப்புக் கலையாத சட்டைகள்

ரகு அண்ணனை முதன்முதலில் பார்த்த அன்றே அவரோடு சண்டை போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரகடம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் என் வேலை. நான் நர்ஸ்தான், ஆனால் ஊசி போடுவதில்லை. அடிபட்டவர்கள் எப்படி வருகிறார்கள், எவ்வளவு தாமதமாக வருகிறார்கள், பிறகு என்ன ஆகிறார்கள் என்று சென்னை டாக்டர்கள் சிலர் ஆராய்ச்சி நடத்துகிறார்கள். அவர்களுக்காக, ஆளைக் கூட்டி வந்தவரிடம் கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். என்ன ஆச்சு, எங்கே ஆச்சு, எப்போது ஆச்சு. ஒரு மாதம் கழித்து போன் போட்டு, ஆள் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும்.

அன்று அவர் ஒரு பையனைத் தோளில் தாங்கிக் கூட்டி வந்தார். பையனின் வலது கையில் சுற்றிய துணி முழுக்க ரத்தம். சட்டையில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. மடிப்புக் கோடு கலையாத புத்தம்புதுச் சட்டை.

"பைக்ல வுழுந்துட்டான் சிஸ்டர்" என்றார்.

"ஏண்ணா, உங்க ஊர்ல பைக்ல விழுறவங்க எல்லாம் கடையிலேர்ந்து புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டுதான் விழுவாங்களா? காலர்ல அட்டையைக்கூட எடுக்கலை!"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கு ஏம்மா இந்த வம்பு? சொன்னத எய்திக்கோ" என்றார்.

டாக்டர் இராமச்சந்திரனிடம் போய்ச் சொன்னேன். எங்கள் அவசரப் பிரிவுக்குப் பெரியவர் அவர்தான். "கூட்டி வந்தவர் வாயால சொல்றதைத்தான்மா நாம பதிய முடியும்" என்று கை விரித்தார்.

ரகு அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வாலாஜாபாத் போகும் வழியில் ஒரு கிராமம். பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு, படப்பையில் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டு, பிறகு தானே ஓட்டி, கடைசியில் ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் ஆம்னி வேன் டிரைவரானார். மகள் கவியா நர்சிங் படிக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் என்னிடம் குரல் குழையும். தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வரும் பையன்களை அந்தக் கான்ட்ராக்டர் கம்பெனிகளுக்கு அனுப்புவார். அவர்களை ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்குவது ரகு அண்ணன் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது; அதைப் பிறகு அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேனின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பையில் எல்லா சைஸிலும் புதுச் சட்டைகள் இருக்கும். உள்ளே எவனுக்காவது அடிபட்டால் கேட்டைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்ட வேண்டும். கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள டேகை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. கம்பெனிக்குள் அடி என்றால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார், உற்பத்தி லைன் நிற்கும். பைக்கில் விழுந்தான் என்றால் யார் தலையும் உருளாது.

பதியும்போது பையன்களின் போன் நம்பர் கேட்டால், கான்ட்ராக்டரின் சூபர்வைசர் காசிராஜன் போனிலேயே, "டிரைவர் நம்பரைப் போட்டுக்கோங்க" என்று அசால்ட்டாகச் சொல்லிவிடுவார். அதனால் ஒரு மாதம் கழித்து நான் போடும் போன் எல்லாம் ரகு அண்ணன் தலையில் போய் விடிந்தது.

"ஆளு நல்லா கீறாம்மா."

"நேர்ல பார்த்தீங்களாண்ணா?"

"பாக்கல."

"அப்போ பார்த்துட்டுச் சொல்லுங்க. நான் நாளைக்கும் கூப்பிடுவேன், நாளன்னிக்கும் கூப்பிடுவேன்."

"அடக் கடவுளே! லோன் குட்த்தவன்கூட இப்படி விரட்ட மாட்டான்" என்று புலம்பினார். ஆனால் போனார். ஷிஃப்டு ஆட்களை இறக்கிவிட்டு வரும் வழியில், பையன்கள் ஆறேழு பேராக அடைந்து கிடக்கும் அறைகளுக்குப் போய் எட்டிப் பார்த்தார். முதல் சண்டைக்குக் காரணமான அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு வெரல் இல்லம்மா. இடது கையால சோறு துண்றான்" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அதன்பின் நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார். ஒருவன் ஊருக்கே போய்விட்டான், இன்னொருவனுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது, ஒருவன் பழையபடி லைனில் நிற்கிறான். முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு அவருக்கு அந்தப் பையன்களின் கதை முடிந்துவிடும். இப்போது முடியவில்லை. என் தொல்லை தாங்காமல் போன மனுஷன், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவராக மாறியிருந்தார்.

அப்போதுதான் சுடலை.

சுடலையை அவர் கூட்டி வந்தது மத்தியானத்தில். கால் வலி என்றான். எலும்பு முறியவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. "பைக்ல வுழுந்தான், இப்பத்தான்" என்றார் ரகு அண்ணன். வலிக்கு ஊசி போட்டுச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். மாதம் கழித்து நான் கூப்பிட்டபோது, "தோ, பாத்துட்டு சொல்றேன்" என்று போனவர், அன்று திரும்பக் கூப்பிடவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

"அவன் இல்லம்மா" என்றார். "ஊருக்குப் போயிட்டான்னு நெனச்சினு இருந்தேன். மறுநாளே ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல போச்சாம். ரூம்ல இருந்த ஐயனார்னு ஒரு பையன்தான் மெட்ராஸுக்கு இட்டுனு போயிருக்கான். அங்க போயி… கால்ல அடிபட்டவன் எப்படிம்மா சாவான்?"

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அதட்டவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "பைக்ல விழுந்தவனுக்கு இப்படி ஆகாதுங்க. பாரமான ஏதோ ஒண்ணு ரொம்ப நேரம் கால் மேல கிடந்திருக்கணும். சதை உள்ளேயே நசுங்கிடும், வெளியில ஒண்ணும் தெரியாது. பாரத்தை எடுத்ததும் நசுங்கின சதையிலேர்ந்து வர்ற விஷமெல்லாம் ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சுடும். சில சமயம் இதயமே நின்னுடும். எவ்வளவு நேரம் கிடந்ததுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, உடனே சலைன் ஏத்தி, ஆளை வெளியே விடாம வச்சுப் பார்த்திருப்போம்."

ரகு அண்ணன் வேன் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தார். போகும்போது என்னிடம், "அவன் எவ்ளோ நேரம் கெடந்தான்னு எனக்குத் தெரியும்மா" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது, திட்ட முடியவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே மாரிராஜ் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. இந்த முறை காசிராஜனும் கூடவே வந்தார். மாரிராஜ் போட்டிருந்தது மடிப்புக் கலையாத மஞ்சள் சட்டை. கால் வலிக்கிறது என்று முனகினான். வெளியில் காயம் இல்லை. சுடலையும் இப்படித்தான் வந்தான்.

"என்ன ஆச்சு?"

"பைக் ஸ்லிப் ஆயிடுச்சு மேடம்" என்றார் காசிராஜன்.

"எப்போ?"

"கால் மணி நேரம் இருக்கும்."

மாரிராஜைப் பார்த்தேன். அவன் சூபர்வைசரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். டியூட்டி டாக்டர் புதுசு. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் ஊசி எழுதினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவனையும் அனுப்பிவிடுவார்கள். ரகு அண்ணன் கதவோரம் சாவியோடு நின்றிருந்தார்.

"ரகு அண்ணா, வண்டியில கூட்டி வந்தது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. எப்போ ஆச்சு?"

"டிரைவருக்கு என்ன தெரியும்?" என்று குறுக்கே பாய்ந்தார் காசிராஜன். "நீ போய் வண்டிய எடு ரகு."

ரகு அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கவியாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லையே, மனுஷன் என்ன செய்வார் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

போனவர் திரும்பி வந்தார். கையில் நீலச் சட்டை, கிரீஸ் கறையோடு. அதை டாக்டரின் மேஜைமேல் வைத்து, பாக்கெட்டிலிருந்து டேகை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"பைக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இதான் அவன் சட்டை. கால் மேல இரும்பு அச்சு வுழுந்துச்சு. காத்தால டீ பெல் அடிக்கும்போது வுழுந்துது. கிரேன் வந்து தூக்கறதுக்குள்ள சாப்பாட்டு பெல்லே அடிச்சிடுச்சு."

"ரகு!" என்று கத்தினார் காசிராஜன்.

"இன்னா ரகு? இன்னா ரகுன்றேன்? ஒருத்தன் செத்தது பத்தாதா உனுக்கு?"

நான் டாக்டர் இராமச்சந்திரனைத் தேடி ஓடினேன். அவர் வந்து சட்டையைப் பார்த்தார், காலைத் தொட்டார், பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. இரண்டு கையிலும் சலைன், ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. சாயங்காலத்துக்குள் ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகத்தான் இருந்தது. வராந்தாவில் காசிராஜன் கை நீட்ட, ரகு அண்ணன் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

ஒரு மாதம் ஆனது. டேப்லெட்டில் மாரிராஜ் பெயர் வந்தது. அதே நம்பர். விரலை வைக்கப் பயமாக இருந்தது. போட்டேன். ரகு அண்ணன் படப்பையில் மறுபடியும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் போனில் ஆட்டோ சத்தம் கேட்கவில்லை.

"மெட்ராஸ்ல, ஆஸ்பத்திரில கீறேம்மா. பக்கத்துலயேதான் கீறான், நீயே கேளு."

"யக்கா, மாரிராஜ் பேசுதேன்" என்றது ஒரு மெலிந்த குரல். "கால் இருக்குக்கா. நடக்கத்தான் இன்னும் முடியல. ஒண்ணுக்கு நல்லாப் போவுது."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். போனை ரகு அண்ணன் வாங்கிக்கொண்டார்.

"சுடலை உன் டேப்லெட்டுல இன்னும் பைக்ல வுழுந்தவனாத்தான் கீறானா?"

"ஆமாண்ணா."

"அவங்கம்மா முப்பிடாதின்னு பேரு. போன் பண்ணேன். புள்ள பைக்ல வேகமாப் போயி செத்துட்டான்னு ஊருக்கெல்லாம் சொல்லி அயுவுது. அவன்கிட்ட பைக்கே கெடையாதும்மா. அத மாத்து."

"கூட்டி வந்தவர் பெயர் போட்டுத்தான் மாத்தணும்ணா. பெரிய டாக்டருக்குப் போகும். கேஸ் கீஸ்னு உங்களையும் கூப்பிடுவாங்க. முன்னாடி பொய் சொன்னது நீங்கதான்னு வரும்."

"வரட்டும். நான்தான சொன்னேன்."

"சரி, ரகுன்னு போட்டுக்கறேன்."

"வெறும் ரகுன்னு போடாத. எங்கப்பா பேரு, ஊர்ப் பேரு எல்லாம் சேத்துப் போடு. நாளைக்கு எவனும் அது வேற ரகுன்னு சொல்லிடக் கூடாது."