அவளுக்கும் ஒரு வாய்

மாசாணியம்மாளுக்குக் கள் பிடிக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒருத்தி வந்து கேட்டாள்.

"கள்ளு உங்களுக்கு ஏன் பிடிக்கும்னு சொல்லுங்கம்மா."

"அசதிக்குங்க."

"அசதின்னா கொஞ்சம் சோகமா இருக்கு. வேற?"

"ரெண்டு வாய் குடிச்சா ஏறுமுங்க. நல்லா இருக்கும்."

வர்ஷினி மைக்கை அணைத்தாள். கோயம்புத்தூரில் விளம்பர நிறுவனம் நடத்துகிறவள் அவள். ஏறுவதைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றாள். "உடம்புக்குக் குளிர்ச்சின்னு சொல்லுங்க. தோல் பளபளன்னு இருக்கும்னு சொல்லுங்க. லேடீஸுக்கு அதுதான் புடிக்கும்."

மாசாணியம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் தென்னை மட்டை கீறிய தழும்பு.

"இந்தத் தோலுங்களா அம்மணி?"

பக்கத்தில் நின்ற கிருபாசங்கர் சிரித்தார். அன்னூருக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தென்னந்தோப்பு அவருடையது. மாசாணியம்மாள் அங்கேதான் மட்டை பொறுக்குகிறாள். அவர் அப்பா நஞ்சுண்டன் காலத்தில் அதே நிலத்தில் வெங்காயத்துக்குக் களை எடுத்தாள். கிருபாசங்கர் சில வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் கள்ளுக்கு இருக்கும் தடையை நீக்கக் கேட்டு ஒரு மன்றம் தொடங்கினார். அதில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் ஆதரவு இல்லாமல் எந்தத் தடையும் நீங்காது என்று ஒரு கூட்டத்தில் அவர் விளக்கினார். இங்கிலாந்தில் பழைய முறையில் வடிக்கும் பீரைக் காப்பாற்றச் சங்கங்கள் இருக்கின்றன, அங்கேயும் பெண்கள் வரவில்லை, அதனால் கோப்பையைச் சின்னதாக்கினார்கள், புட்டியில் இளஞ்சிவப்பு ஒட்டினார்கள், எடை கூடாது என்றார்கள். அந்தப் புட்டிகளைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் கேட்கவும் ஆளில்லை.

மன்றத்தின் மகளிர் பிரிவுக்கு ஒரு வாசகம் கிடைத்தது. 'அவளுக்கும் ஒரு வாய்.' முகம்தான் கிடைக்கவில்லை. மன்றத்துக்காரர்கள் ஒருவர்கூடத் தன் வீட்டுப் பெண்ணின் படத்தைத் தரவில்லை. அதனால் மாசாணியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முகம் வராது, கை மட்டும்தான் என்று கிருபாசங்கர் சொல்லியிருந்தார்.

படம் எடுத்தது தோப்பு வீட்டுக் களத்தில். புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் பூப்போட்ட மண் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். அவளுக்கு அதைப் பிடிக்க வரவில்லை. விரல் இறுகியது, முகம் கோணியது. வெயில் ஏறிவிட்டது. கிருபாசங்கரின் அம்மா தெய்வாத்தாள் வீட்டுக்குள்ளிருந்து சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் தோப்பில் இறக்கிய கள்.

"ஏ மாசாணி, குடிச்சுப்போட்டு அப்பறம் நில்லு. மயக்கம் கியக்கம் வந்துறப் போவுது."

மாசாணியம்மாள் குவளையைக் கீழே வைத்தாள். குந்தினாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். தெய்வாத்தாள் மேலிருந்து ஊற்றினார். இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அந்தக் களத்தில் வேலைக்காரர்களுக்கு எந்தக் காலத்திலும் டம்ளர் கிடையாது. தண்ணீரானாலும் மோரானாலும் கள்ளானாலும் இப்படித்தான். சொம்பு கையைத் தொடாத உயரத்திலிருந்து.

"அப்படியே இருங்க," என்று கத்தினாள் வர்ஷினி. "அய்யோ, என்ன ஒரு ஃப்ரேம். இது நிஜமான பாரம்பரியம்."

அந்த உயரம் எதற்கென்று வர்ஷினிக்குத் தெரியாது. கிருபாசங்கருக்குத் தெரியும். அவர் தன் செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசாணியம்மாளின் புருஷன் கிணறு தோண்ட வைத்த வெடியில் செத்தபோது மகள் எழிலுக்கு நாலு வயது. அன்றைக்கு அவள் எடுத்த முடிவு ஒன்றுதான். மகள் அந்தக் களத்தை மிதிக்கக் கூடாது. தான் அங்கே குந்தி உட்காருவதை மகள் பார்க்கக் கூடாது. பிள்ளையை வெள்ளகோவிலில் இருந்த தம்பி வீட்டில் விட்டாள், பிறகு விடுதியில் விட்டாள். தோட்டத்தில் என்ன சாப்பிட்டாய் என்று மகள் கேட்டால் சோறு என்பாள், எப்படி என்று சொல்ல மாட்டாள். எழில் இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள்.

பத்து நாள் போல ஆனதும் எழில் போன் செய்தாள்.

"அம்மா, காந்திபுரத்துல உன்னைய மாட்டி வெச்சிருக்காங்க."

"மொகம் தெரியுதா?"

"மொகந்தான் தெரியுது. ஏம்மா இப்படிக் குந்தியிருக்க?"

மாசாணியம்மாள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"நான் தெனமும் அந்த வழியாத்தான் போகோணும். தெரியுமா உனக்கு?"

மறுநாள் அன்னூர் பஸ் நிலையத்திலும் அதே ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். ஊற்றுகிற கையில் தெய்வாத்தாள் எப்போதும் போட்டிருக்கும் தங்க வளையல்கள் இல்லை. யாருடைய கை என்று தெரியாதபடி கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். அவள் முகத்தை அழிக்கவில்லை. கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நேராகத் தோப்புக்குப் போனாள். கிருபாசங்கர் காரில் ஏறப் போனார்.

"அந்தப் படத்த எறக்கிருங்க சாமி."

"ஏன் மாசாணிம்மா? ஊரே பாராட்டுது. நீங்க இப்ப பெரிய ஆளு."

"எம்புள்ள பாக்குதுங்க."

"பாக்கட்டுமே. இதுல அசிங்கப்பட என்ன இருக்குது? நம்ம பண்பாடு."

"அப்ப பெரிய அம்மணி கையில வளையல் இருந்துச்சே, அது எங்கீங்க போச்சு?"

அவர் கார் கதவைத் திறந்து மறுபடி சாத்தினார். "அது... பெரியவங்க சங்கடப்படுவாங்க."

"எனக்கும் அப்படித்தானுங்க."

"ஞாயித்துக்கெழம விழா இருக்குது. நீங்கதான் சிறப்பு விருந்தினர். வந்துபோட்டுப் போங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் எறக்கிரலாம். அதுக்கு முன்னாடி எப்படி முடியும், சொல்லுங்க. எல்லாம் மாட்டியாச்சு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் போனாள். எழிலும் கூடவே போனாள்.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசலிலிருந்து மேடை வரைக்கும் ரோஸ் கலர் துணி. கள் கொடுக்க முடியாது என்பதால் பதநீர் கொடுத்தார்கள். பெண்களுக்கு ரோஸ் எசன்ஸ் ஊற்றியது, விரல் அளவு மண் குவளையில். ஆண்களுக்கு எசன்ஸ் இல்லாமல் பெரிய டம்ளரில். எங்களுக்கு மட்டும் ஏன் இத்துனூண்டு என்று கேட்ட ஒருத்தியிடம் மன்றத்துக்காரர் சொன்னார்: "உங்களுக்கு இது போதுமுங்க மேடம்." மேடையில் ஒருவர், கள் தாய்ப்பாலுக்கு அடுத்தது என்றார். இன்னொருவர், கள் குடித்தால் இடுப்பு பெருக்காது என்றார். கைதட்டினார்கள். தட்டியதும் ஆண்கள்தான்.

ஓரத்தில் செல்ஃபி எடுக்க ஓர் இடம். பின்னால் களம் வரைந்த துணி. முன்னால் ஒரு பலகையில், குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்துப் படம் எடுத்துப் பகிர வேண்டும் என்று எழுதியிருந்தது. தலைப்பாகை கட்டிய ஆள் ஒருவன் காலிச் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பெண்கள் வரிசையில் நின்று குந்தினார்கள், கை குவித்தார்கள், சிரித்தார்கள். ஒருத்தி பட்டுச் சேலை அழுக்காகும் என்று கீழே போடத் துணி கேட்டாள். இன்னொருத்தி, "கொஞ்சம் தூக்கி ஊத்துங்கண்ணா, அந்த ஃபோட்டோல அப்படித்தான் இருக்குது," என்றாள்.

எழில் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா ஏன் அப்படிக் குந்தியிருந்தாள் என்று எழிலுக்குப் புரிந்துவிட்டது. இனி எதையும் கேட்க வேண்டியதில்லை.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். கிருபாசங்கர் ரோஸ் பதநீர்ச் சொம்போடு நின்றார். முன் வரிசையில் தெய்வாத்தாள். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"குந்துங்க மாசாணிம்மா."

"சொம்ப இப்படிக் குடுங்க சாமி. நீங்க குந்துங்க."

கிருபாசங்கர் செல்போன்களைப் பார்த்தார். பிறகு ஒரு புன்னகை வந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார், கை குவித்தார். மாசாணியம்மாள் ஊற்றினாள். எந்த உயரத்திலிருந்து அவளுக்கு ஊற்றினார்களோ அந்த உயரத்திலிருந்து. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் எழுந்து வெளியே போனார்.

மாசாணியம்மாள் மேடைக்குப் பின்னால் இறங்கினாள். அங்கே குழாயடியில் கிருபாசங்கர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். காறித் துப்பினார். விரலைத் தொண்டைவரை விட்டு மறுபடி துப்பினார். கையில் சோப்பு நுரை. அவளைப் பார்த்ததும் துண்டால் துடைத்தார்.

"எசன்ஸு ரொம்ப இனிப்பு. தொண்டையில ஒட்டுது."

"ஆமாங்க சாமி. படத்த எறக்கிருவீங்களா?"

"இப்ப எப்படி? இனிமேத்தான நல்லா ஓடும்."

ஓடத்தான் செய்தது. பஸ்ஸில் எழில் காட்டினாள். கிருபாசங்கர் கை குவித்துக் குடிக்கும் வீடியோவை மன்றமே போட்டிருந்தது. சமத்துவம் என்று எழுதியிருந்தது. ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள். கீழே அவருடைய பங்காளிகளும் வந்திருந்தார்கள். சேரி வளவுப் பொம்பளையிடம் குந்திக் குடித்தவன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயிலில் எங்கே நிற்பான் என்று ஒருவர் கேட்டிருந்தார். பஸ் அன்னூரைத் தொடுவதற்குள் வீடியோ இல்லை. மன்றத்தின் பக்கத்தில், விழா படங்களில், எங்கேயும் இல்லை. அவர் பங்காளிகள் சொன்னதும் இறங்கிவிட்டது.

பஸ் நிலையத்து ஃப்ளெக்ஸில் மாசாணியம்மாள் குந்தியபடியே இருந்தாள்.

திங்கள்கிழமை எழில் வேலைக்குப் போகவில்லை. நண்பகலில் வெங்காயம் அரியும் கத்தியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள். டீக்கடை பெஞ்சைக் கேட்டு வாங்கி ஏறி நின்று கயிற்றை அறுத்தாள். மாசாணியம்மாள் கீழே பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். மன்றத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, யாரக் கேட்டு அறுக்கறீங்க? அது எங்க மன்றத்துதுங்க."

"படம் எங்கம்மாளுதுங்க," என்றாள் எழில். அடுத்த கயிற்றை அறுத்தாள்.

அவர் போன் போடத் தள்ளிப் போனார். பேசிவிட்டு வந்து, நாளையிலிருந்து தோப்புப் பக்கம் வர வேண்டாம் என்று மாசாணியம்மாளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஃப்ளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்தது. முகம் உள்ளே போகும்படி இரண்டு பேரும் சுருட்டினார்கள்.

"காந்திபுரத்துல எத்தன ஒசரத்துல இருக்குது கண்ணு?"

"ஏணி வேணும்."

கோயம்புத்தூர் பஸ் வந்ததும் ஏறினார்கள்.