நான்காவது ஆல்டர்நேட்டர்

விராலிமலையில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எதிரே தினமும் ஒரு மீன் வண்டி நிற்கும். வண்டியின் முன்பக்கம் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டும் இடத்தில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர்கள் மூன்று, செத்துப்போனவை, கயிற்றில் தொங்கும். மூன்றும் அந்தக் கடையில் வாங்கியவை.

வண்டிக்காரர் கட்டுமாவடியிலிருந்து மீன் ஏற்றி வருபவர். ஒல்லியான ஆள்; மீசை மட்டும் முரட்டு மீசை. கடைப் படியில் யாராவது கால் வைத்தால், தொங்குகிற ஒன்றின் புல்லிச் சக்கரத்தை விரலால் சுழற்றிவிடுவார். அது போடும் கிறீச்சில் வந்தவர் திரும்பிப் பார்ப்பார். இவர் வாயே திறக்க மாட்டார்.

நானும் அப்படித்தான் திரும்பினேன். என் காருக்கு அங்கே வாங்கிய ஆல்டர்நேட்டர், கழற்றி மறுபடி மாட்டியும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றவில்லை. சண்டை போடப் போனால், “ஒங்க வயரிங் கோளாறு சார்” என்று கடைக்காரர் சிரித்தே அனுப்பிவிட்டார். கொதிப்போடு வண்டிக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

“எனக்கும் அதையேதான் சொன்னான். வண்டி நடுரோட்ல நின்னு ஒரு லோடு வஞ்சிரம் நாறிப்போச்சுங்க. பழசுக்குப் பெயிண்ட் அடிச்சுப் புதுசுங்குறான். நான் வாங்குன மாதிரி திருச்சிக்குப் போயி, சீல் பிரிக்காததா, வாரண்டியோட வாங்குங்க.”

“நீங்க அப்படி வாங்கிட்டீங்கள்ல? பெறகு ஏண்ணே இங்க வந்து நிக்கிறீங்க?”

“மீன் நாத்தம் போயிருச்சு. அவன் சிரிச்சது போகலையே.”

அவர் சொன்னபடியே வாங்கினேன்; கார் ஒழுங்காக ஓடுகிறது. பழையதை இரும்புக் கடையில் போட மனம் வரவில்லை. மறுவாரம் எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். தொங்கிய மூன்றையும் ஓரமாகத் தள்ளி, கயிற்றில் இடம் விட்டார்.