பரணுக்கடியில் ஆறிய புட்டிங்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு அதிகம். பாலாடை உதட்டில் பட்டால் குமட்டும். குளிக்கப் போன இடத்தில் சோப்பில் யாருடைய முடியாவது ஒட்டியிருந்தால் அன்றைக்குக் குளியலே கிடையாது. இப்படிப்பட்டவளைத்தான் என் அக்கா, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில், தான் கிண்டியதையெல்லாம் தின்னவும் தான் குழைத்ததையெல்லாம் பூசிக்கொள்ளவும் பிடித்து வைத்திருந்தாள்.

எங்கள் வீடு கொடைக்கானல் மலையில், கவுஞ்சியில். அப்பா பூண்டு போடுகிறவர். நான் திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டாவதோடு நின்றவள். கொடைக்கானலில் ஒரு மிஷன் பங்களாவில் இரண்டு வருடம் சமையல் உதவிக்கு இருந்தாள். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போனதும் வேலையும் போயிற்று. அந்த வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்த நாலு வகைப் புட்டிங்தான் அவளுக்கு மிச்சம். மறுபடி களைக்கொத்தோடு காட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

அப்போதுதான் காய்கறி லாரிக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். ஏரிப் பக்கம் தங்கும் விடுதி நடத்தும் அம்மா ஒருவருக்கு, சீசனில் இனிப்பு செய்து பரிமாற ஒரு பெண் வேண்டுமாம். செய்து எடுத்துக்கொண்டு வரட்டும், ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம். கூடவே, விருந்தாளிகள் முன்னால் நிற்கிற வேலை, ஆள் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ருசி, லட்சணம் இரண்டுக்கும் சேர்த்து அக்காவுக்குக் கிடைத்தது மூன்று வாரம்.

"இந்தச் சோலி மட்டும் கெடச்சிருச்சுன்னா, இனிமே பூண்டுக் காட்டுல குனிய மாட்டேன் புள்ள" என்றாள். அவள் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் உருளைக்கிழங்கு அல்வா. வாயில் போட்டதும் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. விரலை விட்டுத்தான் வழித்து எடுத்தேன். அடுத்தது கடல்பாசியில் கேரட்டைத் துருவிப் போட்டு உறைய வைத்த ஜெல்லி. அது நாக்கில் வழுக்கியதை நினைத்தால் இப்போதும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. பிரெட்டுக்குப் பதில் பழைய பன்னை ஊறவைத்து ஒரு புட்டிங் செய்தாள். அதை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. நாய்க்கு இருந்த உரிமை எனக்கு இல்லை.

கஸ்டர்டுக்கு முட்டையின் மஞ்சள் கரு மட்டும் போதும். வெள்ளைக் கருவை வீணாக்க அவளுக்கு மனம் வருமா? தன் முகத்தில் பாதி, என் முகத்தில் பாதி. காயக் காயத் தோலை இழுத்துப் பிடிக்கும். கவிச்சி மூக்குக்குள்ளேயே குடியிருக்கும். மீந்ததை என் தலையில் தேய்த்து, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினாள். முட்டை தலையிலேயே வெந்துபோயிற்று. இரண்டு நாள் என் சீப்பில் முட்டைப் பொரியல் வந்தது.

மலைக்காற்றில் அவள் கன்னம் வெடித்துக் கருத்திருந்தது. அதற்கு ஒரு கிரீம். தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு வாங்கி, தேங்காய் எண்ணெயில் உருக்கி, பாலேடு சேர்த்துக் கடைந்து, ஒரு பழைய டப்பாவில் அடைத்தாள். நாலைந்து நாளில் மேலே பச்சையாகப் பூத்தது. அதை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருந்ததைப் பூசினாள். எனக்கும் நீட்டினாள். நான் கொல்லைப்புறமாக ஓடிவிட்டேன்.

இது எல்லாவற்றுக்கும் மேலே, பூண்டு. எங்கள் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே பரண். பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாக அதில் தொங்கவிட்டிருப்போம். புகை பட்டால்தான் பூண்டு கெடாமல் நிற்கும். அந்தப் பரணுக்கடியில்தான் பால் ஆறும், தயிர் உறையும். அக்காவின் கஸ்டர்டும் கிரீமும் இறுகியதும் அங்கேதான். பாலும் எண்ணெயும் பக்கத்தில் இருப்பதன் வாசத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தப் புகையில் கிடப்பவர்களுக்கு அது மூக்கில் ஏறுவதே இல்லை.

எனக்கும் ஏறாமல்தான் இருந்தது. ஹாஸ்டலில் முதல் நாள் நான் பெட்டியைத் திறந்ததும், பக்கத்துக் கட்டில்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலை இழுத்து அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கத் துணி துவைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பத்து மாதத்தில் என் மூக்கு ஊர் மாறிவிட்டது.

"எல்லாத்துலயும் பூண்டு நாறுது" என்று வந்த அன்றே சொன்னேன்.

"திண்டுக்கல்லுக்குப் போயி வேற மூக்கு வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் அம்மா. அக்கா மட்டும் கரண்டியை எடுத்துக் கவனமாக முகர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் தெரியலயே புள்ள" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

தப்பு என் மேல்தான். எதைக் கொடுத்தாலும் தூ தூ என்று துப்பிக்கொண்டிருந்தவள் நான். இருபது குற்றத்தில் பூண்டும் ஒரு குற்றமாகப் போயிற்று. ஏனத்தைப் பரணுக்கடியில் வைக்காதே, வெளித் திண்ணையில் ஆறவிடு என்று ஒரு வார்த்தை பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு முகம் சுளிக்கத்தான் தெரிந்ததே தவிர, அதைச் சொல்லத் தோன்றவில்லை.

போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கேரமல் புட்டிங். பெரிய கிண்ணத்தில் ஒன்று, ருசி பார்க்கச் சின்னக் கிண்ணத்தில் ஒன்று. இட்லிச் சட்டியில் வேகவைத்து, பரணுக்கடியில் ஆறவைத்து, சின்னதைத் தட்டில் கவிழ்த்தாள். பொன்னிறமாக, ஓரம் உடையாமல், இலேசாக ஆடிக்கொண்டு நின்றது. அந்த மூன்று வாரத்தில் நான் பார்க்கச் சகித்த ஒரே பண்டம் அதுதான். ஒரு வாய் எடுத்தேன். முதலில் இனிப்பு, பிறகு கருகல் மணம், அதற்குப் பின்னாலிருந்து பூண்டு. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கும் மூஞ்சியச் சுளிச்சேன்னா நான் போகவே மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

விழுங்கினேன். "நல்லா இருக்குக்கா" என்றேன்.

மறுநாள் வெள்ளனே பஸ்ஸைப் பிடித்தோம். அக்கா கிரீமைக் கன்னம் மினுங்கத் தேய்த்திருந்தாள். பெரிய கிண்ணத்தைத் துணியால் கட்டி மடியில் வைத்திருந்தாள். பஸ் முழுக்கப் பூண்டு மூட்டையும் பூண்டுக்காரர்களுமாக இருந்ததால் யாரும் எதையும் கண்டுகொள்ளவில்லை.

விடுதி அம்மா அக்காவை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். ஸ்பூனால் ஒரு ஓரத்தை வெட்டினார். "செட்டிங் பிரமாதமா வந்திருக்கே" என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மா வாயில் வைத்தார். மெல்லவில்லை. கைக்குட்டையை எடுத்து, திரும்பிக்கொண்டு, அதில் துப்பினார்.

"இதுல பூண்டு போட்டியாம்மா?"

"இல்லைங்கம்மா. பாலு, முட்டை, சீனி, அம்புட்டுத்தாங்க."

அவர் எழுந்து அக்காவிடம் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். "புட்டிங்ல மட்டும் இல்ல, உன் மேலயும் ஒரே ஸ்மெல்லு. டூரிஸ்ட் முன்னால உன்ன எப்பிடிம்மா நிறுத்துறது?" குரலில் கோபம் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். அக்கா முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வாசம் கூடத்தான் செய்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஹாஸ்டல் சேலை கட்டி, கைப்பையோடு நின்றிருந்தேன். "நீங்க இவங்க வீடா?"

"இல்லைங்க. ஒரே பஸ்ல வந்தோம். இடம் காட்டலாம்னு கூட வந்தேன்."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை யோசிக்கிறேன். கேரட் ஜெல்லியையும் பூத்துப்போன பாலேட்டையும் பார்த்து எத்தனையோ முறை குமட்டியிருக்கிறேன். என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டியது அங்கேதான்.

"படிச்ச பொண்ணா இருக்கீங்க. பஸ்ல வர்றப்பவே நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார் அந்த அம்மா.

அக்கா கிண்ணத்தைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். ஏரிக்கரையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் உட்காரப் போனேன். அவள் கிண்ணத்தை அந்த இடத்தில் வைத்தாள்.

"இங்க ஆளு வருதுங்க" என்றாள், நான் பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள். "நீங்க அந்தப் பக்கமா உக்காருங்க."