அண்ணாந்து நடக்கும் டுவெய்ன்

கோடரியின் மழுங்கிய பின்பக்கத்தால் மரத்தில் ஒரு தட்டு. தட்டிய கையோடு பட்டையில் காதை ஒட்டிக்கொள்கிறார் டுவெய்ன் ஹீக்கினென். வாய் திறந்திருக்கிறது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் மரத்தின் உள்சத்தம் நன்றாகக் கேட்கும் என்பது அவர் கொள்கை. கெட்டில் ஏரிக்கரையில் இந்தப் பருவத்தில் வாயைத் திறந்தால் முதலில் உள்ளே போவது கொசுதான். போகிறது. துப்பிவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு தட்டுகிறார்.

எங்கள் ஊராட்சியின் ஏரிக்கரை முகாமுக்கு அவர்தான் காவலாளி, பராமரிப்பாளர் எல்லாம். முகாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அடிபம்பு, பலகையடித்த குழிக் கக்கூஸ் இரண்டு, மரங்களுக்கிடையே கூடாரம் போட பதினான்கு இடங்கள். மின்சாரமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம். கட்டணத்தை உறையிலிட்டு வாசலில் உள்ள இரும்புக் குழாய்க்குள் தள்ளி, சீட்டைக் கம்பத்தில் செருகிவிட்டால் தீர்ந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஏரியைப் பார்ப்பார்கள். டுவெய்ன் மேலே பார்ப்பார்.

அண்ணாந்தே நடப்பதால் கூடாரக் கயிறு தடுக்கி விழுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும். மற்றவர்களுக்கு வெயிலில் முகம் கறுக்கும், இவருக்குத் தாடைக்குக் கீழே தொண்டை கறுத்திருக்கிறது. தேவாலயத்தில்கூடப் பிரசங்கத்தின்போது உத்தரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "பக்தி முத்திப்போச்சுன்னு பாதிரியார் நெனச்சுக்கிறாரு. இவரு ஆணி எங்க இளகியிருக்குன்னு தேடிக்கிட்டிருக்காரு" என்பாள் அவர் மனைவி லோயிஸ்.

முன்னெல்லாம் அவர் இப்படி இல்லை. காகித ஆலைக்கு மரம் வெட்டிப் போட்டே வாலிபம் போனவர். முறிந்து மேலே சிக்கிக்கொண்டு எப்போது விழும் என்று தெரியாமல் தொங்கும் கிளையை வெட்டுக்காரர்கள் தாலியறுத்தான் என்பார்கள். அந்தத் தாலியறுத்தான்களுக்குக் கீழே உட்கார்ந்து பேஸ்டி என்கிற இறைச்சி அடைத்த ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கிய ஆள்தான். முகாம் வேலைக்கு வந்த சில வருடங்கள் கழித்து, காற்றே இல்லாத ஒரு பட்டப்பகலில், பன்னிரண்டாம் இடத்தில் ஒரு பிர்ச் மரத்தின் தலை முறிந்து கூடாரத்தின்மேல் விழுந்தது. கூடாரத்துக்காரர்கள் ஏரியில் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஈரத் துண்டோடு ஓடிவந்தார்கள், பார்த்தார்கள், சிரித்தார்கள், கிளையைக் கட்டிப்பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். கிளையைத் தூக்கியவர் டுவெய்ன். மீன் படம் போட்ட ஒரு சின்னப் படுக்கைப்பையைக் கிளையின் முனை தரையோடு சேர்த்துக் குத்தியிருந்ததை அவர் பார்த்தார். தலை வைக்கிற பக்கம். சிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், கிழிசல் உள்ளே போகும்படி பையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு மேலே போன கண்கள்தான், இன்னும் கீழே இறங்கவில்லை.

பயம் உள்ளவனிடம் ஊராட்சி நீலப் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து வைத்திருந்தது. அவர் நீலப் புள்ளி வைத்த மரம் வெட்டப்படும், அதுவரை அந்த இடம் மூடப்படும். போன வருடம் நான்காம் இடத்து மேப்பிள் மரத்துக்குப் புள்ளி வைத்தார். குழந்தைகள் ஊஞ்சல் கட்டி ஆடும் மரம். தட்டினால் பொத்தென்று கேட்கிறது, உள்ளே செத்துவிட்டது என்று ஒற்றைக் காலில் நின்று வெட்ட வைத்தார். வெட்டிய பிறகு பார்த்தால், அடிமரம் அப்போதுதான் அறுத்த ரொட்டி போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டு அழுகல் இல்லை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரோ குறும்புக்காரர் அந்த அடிமரத்தின்மேல் ஒரு பாட்டிலில் பூ வைத்து, 'ஒரு குற்றமும் செய்யாதவள், டுவெய்னால் போனாள்' என்று பலகை எழுதி நட்டார். பாவம், அந்தப் பலகையைப் பிடுங்கும் உரிமையும் தனக்கு இல்லை என்று நினைத்தோ என்னவோ, பனி வந்து மூடும் வரை டுவெய்ன் அதைத் தொடவே இல்லை.

ஊராட்சித் தலைவர் மார்வ் அவரோடு ஒன்றாகப் படித்தவர். பெயிண்ட் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "கோவிச்சுக்காதடா. உன்னை விட்டா கரையில மரமே இருக்காது. இனிமே மாவட்டத்து ஆளு வந்து பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

இந்தக் கோடையில் வந்தது ஒன்பதாம் இடத்துப் பைன்.

முகாமிலேயே பெரிய மரம் அது. ஏரிப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, ஒன்பதாம் இடம் முழுவதற்கும் நிழல் தருகிறது. அந்த நிழலுக்காகவே அந்த இடத்துக்கு அடிபிடி. பனி உருகியதும் வேரோரம் மண்ணில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியிருப்பதை டுவெய்ன் பார்த்தார். லோயிஸின் துணிக் கவ்வி ஒன்றை எடுத்துவந்து அந்த வெடிப்பில் இறுக்கிச் செருகினார். காற்றடித்து வெடிப்பு அகன்றால் கவ்வி கழன்று விழ வேண்டும். தினமும் விடிந்ததும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான். சுதந்திர தினமான ஜூலை நாலு விடுமுறைக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் கவ்வி கீழே கிடந்தது.

மார்வுக்குப் போன் செய்தார்.

"அணில் இழுத்துப் போட்டிருக்கும்டா."

"அணில் எதுக்கு மார்வ் துணிக் கவ்வியை இழுக்குது?"

"அது துணி காயப்போட இருக்கும். இங்க பாரு, மாவட்டத்து ஆளு ஜூலை நாலு முடிஞ்சுதான் வருவான். அதுவரைக்கும் எந்த இடத்தையும் மூடக் கூடாது. யாரையும் பயமுறுத்தவும் கூடாது. இந்த விடுமுறைதான் நமக்கு அறுவடை. மேப்பிளை மறந்துடாதே."

மேப்பிளை அவர் எப்படி மறப்பார்! உண்மையில் அவருடைய வேதனையே அதுதான். பைன் விழும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். தெரியாது. மேப்பிள் சொன்ன அதே பொத்தென்ற சத்தத்தைத்தான் பைனும் சொல்கிறது. தன் காதை நம்புவதா, ஊர் சிரித்ததை நம்புவதா என்று புரியாமல், மதியச் சாப்பாட்டில் முள்கரண்டியால் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். லோயிஸ் கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் டுவெய்ன் தன் பழைய ஆரஞ்சுக் கூடாரத்தைக் கொண்டுபோய் ஒன்பதாம் இடத்தில் அடித்தார். உறையில் பணம் வைத்துக் குழாயில் போட்டார். சீட்டில் தன் பெயரையே எழுதிக் கம்பத்தில் செருகினார். இடத்தை மூடத்தானே கூடாது? பிடித்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கவ்வி விழுந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அது ஷெல்லி வரும் வரைதான் நீடித்தது.

ஷெல்லி ராண்டனென் வருடம் தவறாமல் ஜூலை நாலுக்கு இரண்டு பிள்ளைகளோடு ஒன்பதாம் இடத்துக்கு வருபவள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், குரல் அதற்கேற்றபடி இருக்கும். வண்டியை நிறுத்தி இறங்கினாள். கூடாரத்தைப் பார்த்தாள், சீட்டைப் படித்தாள்.

"டுவெய்ன்! இது என்ன கூத்து? உங்க வீட்டுக் கூரை இங்கருந்து தெரியுது!"

"ஒரு மாறுதலுக்கு..." என்றார் டுவெய்ன், மேலே பார்த்தபடி.

"லோயிஸ் துரத்திட்டாங்களா?"

"இல்லம்மா."

அவர் பார்க்கும் திசையில் ஷெல்லியும் பார்த்தாள். புரிந்துவிட்டது. "ஓ, மரமா? மறுபடியும் மரமா? போன வருஷம் மேப்பிளைக் கொன்னீங்க, எம் பிள்ளைங்க அழுதுச்சுங்க. இப்ப இதுவா?"

"நான் மரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் பரிதாபமாக. சொல்லக் கூடாது என்பது மார்வின் உத்தரவு.

ஷெல்லி இடுப்பில் கை வைத்தாள். "சரி. விதி எனக்கும் தெரியும். முதல் ராத்திரி ஆள் படுக்கலேன்னா கூடாரத்தைப் பிடுங்கிடுவீங்க இல்ல? போன வருஷம் என் தம்பி பாதி வழியில வண்டி நின்னுபோய் லேட்டாயிட்டான். எவ்வளவு கெஞ்சினேன்! பிடுங்கிக் கக்கூஸ் பக்கத்துல வச்சீங்க. இன்னைக்கு நான் பத்தாம் இடத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கப்போறேன். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுத்தா, காலையில உங்க கூடாரம் கக்கூஸ் பக்கத்துல இருக்கும்."

வெறும் கூடாரம் போட்டு இடம் பிடித்து வைக்கும் நகரத்துக்காரர்களை அடக்க டுவெய்னே ஊராட்சியில் பேசிக் கொண்டுவந்த விதி அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, அவர் அதில் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. கூடாரத்தை அடிக்கும்போது இது அவர் நினைவுக்கே வரவில்லை. இருந்தாலும் பத்தாம் இடம் மரத்தின் வீச்சுக்குள் வருகிறதா என்று முதலில் காலால் அளந்து பார்த்துவிட்டு வந்தார். வரவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

பிற்பகல் முழுக்க அவருக்கு எதுவும் ஓடவில்லை. அடிபம்புக்கு எண்ணெய் போட்டார், போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். கவ்வியை வெடிப்பில் புதிதாகச் செருகிவிட்டு, போகும்போதும் வரும்போதும் குனிந்து பார்த்தார். ஷெல்லி சொன்னபடியே நாற்காலியை ஒன்பதைப் பார்த்துப் போட்டுக்கொண்டு மீன் சுத்தம் செய்தாள். சாயங்காலம், வடக்கே கடல்போலக் கிடக்கும் பெரிய ஏரியின் பக்கமிருந்து காற்று கிளம்பியது. முதலில் உச்சிகளில் மட்டும். பிறகு கெட்டில் ஏரியின் தண்ணீர் கறுத்து நெளிந்தது. பைன் முனகியது. எல்லா மரமும்தான் முனகியது, ஆனால் அவர் காதில் அது ஒன்றுதான் விழுந்தது.

இந்தப் பக்கத்துக் கோடையில் இருட்டுவதற்கு வெகு நேரம் ஆகும். வெளிச்சம் இருக்கும்போதே லோயிஸ் ஒரு துணியில் பேஸ்டி சுற்றிக்கொண்டு வந்தாள். அக்குளில் அவருடைய பழைய தலைக்கவசம், மரம் வெட்டும் காலத்துச் சிவப்புக் கவசம்.

"ஒண்ணு கேக்கறேன் டுவெய்ன். மரம் விழாதுன்னா நீ எதுக்கு இங்க படுக்கணும்? விழும்னா எப்படிப் படுப்பே?"

டுவெய்ன் பேஸ்டியைப் பிட்டார், தின்னவில்லை. "விழும்னு நெனச்சுத்தான் இடத்தைப் பிடிச்சேன். விழாதுன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துக்கறேன்."

"உனக்குப் பைத்தியம்."

"பயமா இருக்கு லோயிஸ்" என்றார் அவர். "மரத்துக்கு மட்டும் இல்ல. காலையில இது இப்படியே நின்னுக்கிட்டிருந்தா, எல்லாரும் மறுபடியும் சிரிப்பாங்க. அதுக்கும் பயமா இருக்கு."

லோயிஸ் கவசத்தை அவர் மடியில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தின்னாத பேஸ்டியை மறுபடியும் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்து எழுந்து, பத்தாம் இடத்தில் இருந்த ஷெல்லியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளும் போகும் வழியில் அண்ணாந்து பார்த்தாள்.

டுவெய்ன் கூடாரக் கயிறுகளை இழுத்துக் கட்டத் தொடங்கினார். முடிச்சு விழவில்லை. அவிழ்த்துக் கட்டினார், மறுபடியும் நழுவியது. ஒரே கயிற்றோடு அவர் மல்லாடுவது பத்தாம் இடத்துக்கே தெரிந்திருக்க வேண்டும். ஷெல்லி நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள்.

"டுவெய்ன், நிஜமாவே பயப்படுறீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"அட, என்ன மனுஷன் நீங்க! நான் சும்மா வம்புக்குச் சொன்னேன். எனக்கு ஒன்பதும் வேணாம், ஒண்ணும் வேணாம். கூடாரத்தையும் தொடமாட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுங்க."

அவர் கை கயிற்றிலேயே நின்றது. லோயிஸ் நடந்துபோன பாதையைப் பார்த்தார். வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்தது. ஷெல்லி விட்டுக்கொடுத்துவிட்டாள், போகலாம். விடுமுறைக்காரர்களின் வண்டி ஒன்று முகாமை மெதுவாகச் சுற்றி வந்தது. அதற்குள் நான்கைந்து பையன்கள், மேலே ஒரு தோணி, எல்லா இடமும் நிரம்பியிருக்கிற எரிச்சல். ஒன்பதின் முன்னால் வண்டி தயங்கி நின்றது. ஆளில்லாத கூடாரம் மாதிரித் தெரிகிறதா என்று ஓட்டுபவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அவர்கள் சாயங்காலத்திலிருந்தே சுற்றுகிறவர்கள், முதல் ராத்திரி விதியையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

"இங்க ஆள் இருக்கு" என்று கத்தினார் டுவெய்ன். வண்டி நகர்ந்தது. தூரம் போகவில்லை, பம்புக்குப் பக்கத்தில் நின்று விளக்கை அணைத்தது.

காற்று ஒரு முறை ஓங்கி அடித்தது. பைனிலிருந்து சுள்ளி ஒன்று கூடாரத்தின்மேல் விழுந்து சறுக்கியது. ஷெல்லி அவளறியாமலே ஓரடி பின்னால் போனாள். "டுவெய்ன்..." என்றாள். பள்ளிப் பேருந்துக் குரல் அதில் இல்லை.

"நீங்க போங்கம்மா. பிள்ளைங்க தனியா இருக்கும்."

அவர் குனிந்து வேரோரம் பார்த்தார். கவ்வி இருந்தது, அல்லது இருந்த மாதிரித் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை. கோடரியை எடுத்துத் தட்டிப் பார்க்க ஓங்கியவர், தட்டாமலே மரத்தில் சாய்த்து வைத்தார். சிவப்புக் கவசத்தை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கினார். மண்டியிட்டு, சிராய்த்த முழங்கால் வலிக்க, கூடாரத்துக்குள் நுழைந்தார்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. பம்புப் பக்கத்து வண்டிக்குத் தெரிகிற மாதிரி பூட்ஸ் இரண்டையும் வாசலில் வைத்தது. பிறகு ஒவ்வொன்றாக, காலை நுழைத்து ஓட வாகாக, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தது.