ஆறு அஞ்சுக்கு வெளியே போனது

நம்பினால் நம்புங்கள், நடந்தது நடந்ததுதான். 2006 டிசம்பர். சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு கம்பெனியில் ஆஞ்சப்பன் கேட் வாட்ச்மேன்.

காட்டு மிருகம் ஏதும் தென்பட்டால் குறித்துவைக்க வனத்துறை ஒரு நோட்டுக் கொடுத்திருந்தது. நேரம், உயரம், உடம்பு, நடை. நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன் ஆஞ்சப்பன். ஒரு நரியைக்கூட விடாமல் எழுதுவான்.

மூன்றாம் தேதி, பிரஸ் மெஷினில் சிக்கி முனிராஜ் செத்தான். கான்ட்ராக்ட் ஆள். உடலைக் காட்டோரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். கேட் ரிஜிஸ்டரில் அவன் உள்ளே வந்த நேரம் மட்டும் இருந்தது.

"யானை மெதிச்சிடுச்சுன்னு முடிச்சாச்சு. அவுட் போடு. காலைல ஆறு அஞ்சு," என்றார் சூப்பர்வைசர் கமலக்கண்ணன்.

"அவன் வெளியவே போவலியே சார்..."

"அறிவொளி ஆபீசரு கேள்வி கேக்குறாரு! வேல வேணுமா, வேணாமா?"

எழுதினான்.

பத்தாம் நாள். விடிகாலைப் பனி. ஆறு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது.

டொம்... சரக். டொம்... சரக்.

சத்தம் காட்டிலிருந்து வரவில்லை. பிரஸ் ஷாப் பக்கமிருந்து வந்தது.

பழக்கதோஷம். நோட்டை எடுத்துக் குறித்தான். 'உயரம் நாலரை அடி. உடம்பு யானைக்கன்று. தும்பிக்கை உண்டு, தந்தம் இல்லை. முன்கால் யானைக்கால். பின்கால் ரெண்டும் மனுசக்கால். இடதை இழுத்து நடக்கிறது. மேலெல்லாம் கிரீஸ் வாடை.'

கேட் பூட்டித்தான் இருந்தது.

அது நிற்கவில்லை...

பூட்டு ஆடவில்லை.

வெளியே போயிருந்தது.

மணி 6:05.

வெயில் வந்ததும் வனக்காவலர் ரத்தினவேல் கேட்டருகே பதிந்த தடங்களை டேப் பிடித்து அளந்தார். "யானைங்க ஒரு மாசமா கர்நாடகா பக்கம்தான இருக்குது! இது என்னய்யா?" எல்லாத் தடமும் உள்ளிருந்து வெளியே. வந்த தடம் ஒன்றுகூட இல்லை. இடது பின்பாதத்தில் ஆறு விரல்.

மத்தியானம் மூக்கண்டப்பள்ளியிலிருந்து முனிராஜின் மனைவி முத்துமணி வந்தாள், லாக்கரில் கிடந்த பழைய ஷூவையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக. இடது ஷூ ஓரத்தில் கிழிந்திருந்தது.

"அவருதான் கிழிச்சாரு. அந்தக் கால்ல ஆறு வெரலுண்ணா, ஷூ கடிக்கும்."

ஆஞ்சப்பன் நோட்டை மூடிவைத்தான்.

"அவரு கேட்டத் தாண்டிப் போனத நீ பாத்தியாண்ணா?"

ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் கமலக்கண்ணன் நின்றிருந்தார்.

"பாத்தேம்மா."

அது பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை அவனுக்கு உறக்கம் இல்லை.