மகளின் போனில் ஓர் இந்திக் குரல்

பெற்றோல் கிடைக்காததால் கந்தோருக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோப்புகள் எல்லாம் கச்சேரியில், அந்த அரச அலுவலகத்திலேயே இருந்தன. ஆகவே அந்த வாரம் முழுவதும் எனக்கு இருந்த ஒரே வேலை போனில் செய்தி வாசிப்பதுதான். மின்சாரம் வரும்போது சார்ஜ் பண்ணினேன், நின்றதும் வாசித்தேன். டொலர் இல்லாமல் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்கள், மூடப்படும் கம்பனிகள், மனிதர் செய்த வேலையை இனிக் கணினியே செய்யும் என்ற கட்டுரைகள். எதையும் வாசித்து முடிக்கமாட்டேன். கீழே அடுத்த தலைப்பு தெரிந்ததும் அதற்குத் தாவிவிடுவேன்.

வாசித்ததைச் சாப்பாட்டு மேசையில் மகளுக்குச் சொல்வேன். அவள் மன்னார் நகரில் கணினி வகுப்பொன்றில் படிப்பித்தவள். பிள்ளைகள் வராமல் போனதும் வகுப்பை மூடிவிட்டார்கள். இருபத்துமூன்று வயதில் வீட்டில் சும்மா இருந்தாள். அவளுடைய பள்ளித் தோழியின் குடும்பம் தலைமன்னாரில் இருந்தது. அவர்கள் படகில் இந்தியா போக ஆயத்தம் செய்வது எனக்குத் தெரியும். அதனால் அப்படிப் போனவர்களைப் பற்றிய செய்திகளையே தேடித் தேடி வாசித்துக் காட்டினேன். படகோட்டி ஒரு குடும்பத்தை நடுக்கடலில் மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிப்போன செய்தியை இரண்டு தரம் வாசித்தேன்.

"அம்மா, ரேடியோவில எண்டாலும் இடைக்கிடை விளம்பரம் வரும். உங்களிட்டை அதுவும் இல்லை."

"சிரி பிள்ளை, சிரி. உனக்காகத்தான் வாசிக்கிறன்."

"தெரியும். அதுதான் பயமாக் கிடக்கு."

வெள்ளிக்கிழமை தோழியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி பஸ் ஏறினாள். பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். வழக்கமாக லைன் கிடைக்காவிட்டால் ஒரு பெண் சிங்களத்தில் பேசுவாள், பிறகு தமிழ் வரும். அன்று கேட்டது இந்தி. திரும்ப எடுத்தேன். திரும்பவும் இந்தி.

கணவர் பெற்றோல் வரிசையில் நின்றார். அவருக்கு என்னவென்று சொல்வது? செருப்புக்கூடப் போடாமல் சந்தியிலிருந்த போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பக்கத்துத் தாராபுரத்து ஆள், என்னைவிட இளையவர். எங்கள் வீட்டுப் போன்களுக்கெல்லாம் வைத்தியர் அவர்தான். என் போனில் மகளுக்கு எடுத்து, காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மகள் தலைமன்னாருக்கோ போனவ?"

"ஓம் தம்பி."

"பிறகென்ன அக்கா? அந்தக் கரையில நிண்டா இந்தியா டவர்தான் பிடிக்கும். என்ட போன் எத்தினை தரம் ராமேஸ்வரம் போய் வந்திருக்கு, பாஸ்போட்டும் இல்லாம!"

எனக்குத் தெரியாத விஷயமல்ல. இங்கே எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற கதைதான். நானும் சிரித்தேன். படியால் இறங்கும்போதுதான் உறைத்தது. படகுகள் புறப்படுவதும் அதே கரையிலிருந்துதானே. அவள் கரையில் நிற்கிறாளா, படகில் இருக்கிறாளா என்பதை அந்தக் குரல் எப்படிச் சொல்லும்?

பஸ் நிலையத்துக்குப் போனேன். தலைமன்னாருக்கு இனி பஸ் இல்லை, அங்கிருந்து வர ஒன்று மட்டும் இருக்கிறது என்றார்கள். வாங்குப் பலகையில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பது குழம்பிப்போய், ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து தொடங்கினேன். போன் மடியில் கிடந்தது. ஒரு செய்தியையும் திறக்கவில்லை.

இருட்டுகிற நேரம் பஸ் வந்தது. கடைசி ஆளாக இறங்கினாள். பாவாடை முழங்கால்வரை நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்திருந்தது.

"என்னம்மா, வெறுங்காலோடை நிக்கிறியள்?"

"நீ ஏன் நனைஞ்சு வாறாய்?"

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள். தோழி வீட்டார் பின்னேரமே படகேறியிருந்தார்கள். இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஏறினனான் அம்மா. ஏறி இருந்துகொண்டு உங்களுக்குச் சொல்லுவம் எண்டு எடுத்தன். இந்தியா லைன். போனில கிடந்த காசு காணாதெண்டு வெட்டிப்போட்டுது. உங்களிட்டைச் சொல்லாமப் போகேலாது. இறங்கி, எங்கட லைன் வாற இடம் பாத்து நடந்தன். திரும்பிப் பாக்க, அவை படகோடை வெளிக்கிட்டிட்டினம்."

"பிறகெண்டாலும் எடுத்திருக்கலாமே?"

"அழுதுகொண்டு நிண்டனான். எப்பிடி எடுக்கிறது?"

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.

சில நாட்களில் தோழியிடமிருந்து தகவல் வந்தது. அகதி முகாமில் இருக்கிறார்கள், எல்லாரும் சுகம், சாப்பாடு கிடைக்கிறது. அன்று சாப்பாட்டு மேசையில் மகள் வாசித்தாள், நான் கேட்டேன். தீடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

படகிலிருந்து அவள் எடுத்தபோது லைன் கிடைத்திருந்தால், இறங்கு என்று கத்தியிருப்பேன். அவள் இறங்கியிருப்பாளா? அதை இன்னும் கேட்கவில்லை. இப்போது வாசிப்பைக் குறைத்துவிட்டேன். ஆனால் அவளுக்கு எடுத்து லைன் கிடைக்காமல் அந்தச் சிங்களக் குரல் வந்தால், அதை முழுதாகக் கேட்ட பிறகுதான் போனை வைக்கிறேன்.